எலும்புக் கப்பலும் லயத்து வீடும்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களில் ஒரு லோரியாவது செய்து ஓட்டாமல் சிறுவயதைக் கடந்தவர்கள் மிகச் சிலரே இருப்பார்கள். சார்டின் டின் அதன் உடம்பு. தேய்ந்துபோன சிலிப்பரை வட்டமாக வெட்டினால் சக்கரம். உடைந்த குடையின் கம்பி அச்சு. ஒரு முழக் கயிற்றைக் கட்டி இழுத்தால் லயத்து வாசலெல்லாம் அது ஓடும். நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால் எங்கள் லயத்தில் கடைசி வீட்டு அண்ணன் ஒருவர் செய்த லோரி வேறு மாதிரியானது. தோட்டத்துக்குப் பால் ஏற்ற வரும் லோரி ஸ்டோர் வாசலில் நிற்கும்போது அவர் போய் அதை முழம் போட்டு அளந்தார். ஓட்டுநர் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. நீளம் பதினைந்து முழம், உயரம் இத்தனை, சக்கரம் இத்தனை என்று சிகரெட் அட்டையின் பின்புறம் குறித்துக்கொண்டார். பிறகு ஒரு முழத்துக்கு ஒரு விரற்கடை என்று கணக்குப் போட்டு, மண்ணெண்ணெய் டின்னை விரித்து, அதே லோரியைச் சிறியதாகச் செய்துவிட்டார். நாங்கள் செய்தவை லோரி போன்றவை. அவர் செய்தது அந்த லோரியே.

நம் பழைய அளவையில் பன்னிரண்டு விரற்கடை ஒரு சாண். இரண்டு சாண் ஒரு முழம். ஆகவே ஒரு முழத்துக்கு ஒரு விரற்கடை என்றால் 24இல் ஒரு பங்கு. பிற்காலத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கைவினைப் பாடம் படிக்கும்போதுதான், ஓர் அடிக்கு அரை அங்குலம் என்ற இதே அளவு மேல்நாட்டு மாதிரிக் கலைஞர்கள் வழக்கமாகக் கையாளும் அளவுகளுள் ஒன்று என்பதை அறிந்தேன். அந்த அண்ணனுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை.

இன்றைய உரையின் பொருள் இதுதான். ஒரு பொருளை அளவு மாறாமல் சிறிதாக்கிச் செய்வதை அளவு மாதிரி என்கிறோம். அதன் உறுப்புகளைக் கடையில் வாங்கிப் பொருத்தாமல், கிடைக்கும் மரம், தகரம், அட்டை, நூல் முதலியவற்றைக் கொண்டு ஒவ்வொன்றையும் தானே செய்துகொள்வது ஒரு தனி மரபு. அந்த மரபின் வரலாற்றில் சில பக்கங்களைப் புரட்டிப் பார்ப்போம்.

கப்பல்களிலிருந்து தொடங்குவது பொருத்தம். பதினேழாம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்துக் கடற்படைக்காக மரத்தால் கப்பல் மாதிரிகள் செய்யப்பட்டன. பெரும்பாலும் 48இல் ஒரு பங்கு. அதாவது ஓர் அடிக்குக் கால் அங்குலம். அவற்றின் அடிப்பகுதியில் பலகை போர்த்தாமல், விலா எலும்புகள் போன்ற சட்டங்கள் தெரியும்படி விட்டிருப்பார்கள். இவை தேர்ந்த தச்சர்கள் நல்ல மரமும் நல்ல உளியும் கொண்டு செய்தவை.

என் மனத்தைத் தொடுவது வேறொரு வகைக் கப்பல். நெப்போலியன் காலத்துப் போர்களில் பிடிபட்ட பிரெஞ்சுக் கைதிகளை ஆங்கிலேயர்கள் ஆண்டுக்கணக்கில் அடைத்துவைத்தார்கள். அதற்கென்று 1797இல் பீட்டர்பரோ நகருக்கு அருகே நார்மன் கிராஸ் என்னுமிடத்தில் ஒரு பெரிய முகாம் எழும்பியது. 1814 வரை கைதிகள் அங்கே இருந்தார்கள். அவர்களிடையே கப்பல் தச்சரும், தந்தம் செதுக்குபவரும், மாலுமிகளும் இருந்தனர். கையில் காசு இல்லை, மரமும் போதவில்லை. ஆனால் உணவோடு இறைச்சி எலும்பு வந்தது. அந்த எலும்பைக் கொதிக்கவைத்து, வெளுக்கவைத்து, சிறு தகடுகளாக அறுத்து, அதைக் கொண்டே போர்க்கப்பல்கள் செய்தார்கள். பாய்மரக் கயிறுகளுக்குக் குதிரை மயிரும் தலைமயிரும் பயன்பட்டன. சில கப்பல்களில் ஒரு நூலை இழுத்தால் பீரங்கிகள் எல்லாம் ஒருசேர உள்ளே போய் வெளியே வரும். முகாம் வாசலில் கூடிய சந்தையில் இவற்றை விற்று, கைதிகள் தங்களுக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டார்கள். பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் இத்தகைய கைவேலைகளின் பெருந்தொகுப்பு ஒன்று உள்ளது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எலும்புக் கப்பல்களின் அளவு பெரும்பாலும் சரியாக இராது. பாய்மரம் உயர்ந்தோ, உடல் குறுகியோ இருக்கும். வரைபடம் இல்லாமல் நினைவிலிருந்து செய்தார்கள். அழகாக இருந்தால் விலைபோகும் என்பதையும் கருத்தில் கொண்டார்கள். கைத்திறன் வேறு, அளவின் உண்மை வேறு. இரண்டும் ஒரே இடத்தில் சேர்வது அரிது.

நம்மவர்களிடமும் இக்கலை இருந்தது. தஞ்சாவூர் வட்டாரத்தில் குளங்களிலும் சதுப்பிலும் வளரும் நெட்டி என்ற செடியின் தண்டு வெண்மையானது, பஞ்சுபோல் மென்மையானது, கத்தி பட்டால் தாள்போல் சீவ வரும். இதைக் கொண்டு கோயில் கோபுரங்களை நிலை நிலையாக, தூண் தூணாக வெட்டி ஒட்டுவார்கள். வண்ணம் பூசாமலேயே தந்தத்தில் செய்ததுபோல் தோன்றும். தஞ்சைப் பெரிய கோயிலின் நெட்டி உருவம் பல வீடுகளின் கண்ணாடிப் பேழைகளில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1010இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கோயிலின் சுவரில்தான் இராசேந்திர சோழன் கடாரம் கொண்ட செய்தியும் வெட்டப்பட்டிருக்கிறது. கெடாவில் இருக்கும் நமக்கு அது ஒரு தனிச் சுவை. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் நெட்டி வளரும் நீர்நிலைகள் குறைந்தால் அந்தக் குறியீடு கைவினைஞருக்கு எவ்வளவு உதவும் என்று எனக்குத் தெரியவில்லை.

இனி ஒரு மனிதரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் பிரான்சுவா எட்மண்ட் பாரிஸ். 1806இல் பிறந்த பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. இளமையில் மூன்று முறை உலகைச் சுற்றிவந்த கப்பல்களில் பணியாற்றினார். ஐரோப்பியர் அக்காலத்தில் மற்ற நாட்டாரின் படகுகளைக் கண்டால் வேடிக்கையாகப் பார்த்துவிட்டுப் போவார்கள். பாரிஸ் அப்படிப் போகவில்லை. கப்பல் எங்கே நங்கூரம் பாய்ச்சினாலும் அவர் கரைக்குப் போய், அங்குள்ள படகை அளவுநாடா கொண்டு அளப்பார். பலகை எத்தனை, கட்டு எப்படி, பாய் எந்த வடிவம் என்று குறிப்பார். வண்ணத்தில் வரைந்தும் வைப்பார். புகைப்படக் கலை இன்னும் உலகுக்கு அறிமுகமாகாத காலம் அது. 1830 வாக்கில் லா ஃபவோரித் என்ற கப்பலில் வந்தபோது புதுச்சேரி, சென்னை ஆகிய நம் கரைகளையும், மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய இந்தப் பக்கத்துத் துறைகளையும் கண்டார்.

சென்னையில் அப்போது துறைமுகம் இல்லை. அதன் கட்டுமானம் 1870களில்தான் தொடங்கியது. கப்பல்கள் தொலைவில் நிற்கும். ஆளையும் சரக்கையும் கரை சேர்ப்பவை மசூலாப் படகுகள். அவற்றில் ஆணி கிடையாது; உள்ளே விலாச் சட்டமும் கிடையாது. பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கி அடிக்கும்போது படகு வளைந்துகொடுக்கும். ஆணி அடித்து இறுக்கிய ஐரோப்பியப் படகு அதே அலையில் பிளந்துபோகும். நம் மீனவர்களின் அறிவு அந்தத் தையலில் இருந்தது. அதைப் பாரிஸ் புரிந்துகொண்டார். கட்டுமரத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை.

அவருடைய பிற்காலப் பயணம் ஒன்றில் ஒரு துன்பமும் நேர்ந்தது. தென்னார்க்காட்டுக் கரையில் பரங்கிப்பேட்டையில் அக்காலத்தில் ஓர் இரும்பு உருக்காலை இயங்கிவந்தது. இயந்திரங்களில் ஆர்வம் மிகுந்த பாரிஸ் அதைப் பார்க்கப் போனார். பல்சக்கரத்தில் சிக்கி இடக் கையை இழந்தார். அதற்குப் பிறகும் அவர் வரைவதையும் அளப்பதையும் நிறுத்தவில்லை. ஐரோப்பியர் அல்லாத மக்களின் படகுக் கட்டுமானத்தைப் பற்றிய அவருடைய பெருநூல் 1841 முதல் 1843 வரை வெளிவந்தது.

கதை அத்துடன் முடிந்திருக்கலாம். 1871இல் அவர் லூவ்ர் அரண்மனையில் இருந்த கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பாளரானார். 1893இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அந்த ஆண்டுகளில், தாம் இளமையில் அளந்து வைத்திருந்த படகுகளை அருங்காட்சியகப் பட்டறையில் மாதிரிகளாகச் செய்வித்தார். எண்ணிப் பாருங்கள். மசூலாப் படகின் உறுப்புகளை எந்தக் கடையில் வாங்க முடியும்? பாரிஸ் நகரத்துக் கைவினைஞர் ஒருவர் சின்னஞ்சிறு பலகைகளில் சின்னஞ்சிறு துளைகளிட்டு, சென்னைக் கரையின் மீனவர் செய்ததுபோலவே நூலால் தைக்க வேண்டியிருந்தது. ஆணி அடித்தால் வேலை எளிது. ஆனால் அது மசூலா ஆகாது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் குறித்த ஓர் அளவு தவறாக இருந்தால் பலகையோடு பலகை பொருந்தாது. வரைபடத்தில் மறைந்துவிடும் பிழை மாதிரியில் மறையாது.

இன்று தமிழகக் கரையில் கண்ணாடியிழைப் படகுகள் வந்துவிட்டன. மரம் தைக்கும் அந்தப் பழைய கைகள் ஓய்ந்துவிட்டன. 2023இல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட பாரிஸ் கடற்படை அருங்காட்சியகத்தின் உடைமையாக அவருடைய மாதிரிகள் இன்னமும் உள்ளன. நம் கரையின் படகைப் பற்றி அறிய ஒருவர் அவ்வளவு தூரம் போக வேண்டியிருப்பதில் எனக்குச் சற்று வருத்தம் உண்டு. ஒற்றைக் கையுடன் அதைக் காத்துவைத்த மனிதர்மேல் நன்றியும் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கைவேலை ஒரு பொழுதுபோக்காக ஐரோப்பாவில் பரவியது. 1898இல் லண்டனில் மாதிரிப் பொறியாளருக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கியது. மறு ஆண்டில் நார்த்தாம்டன் நகரில் பாசெட் லோக் என்பவர், ஆர்வலர்களுக்கு வார்ப்பு உறுப்புகளையும் சிறு இயந்திரங்களையும் அஞ்சலில் விற்கும் வணிகத்தைத் தொடங்கினார். வாங்குவதா, செய்வதா என்ற கேள்வி அப்போதே பிறந்துவிட்டது எனலாம். 1932இல் ஸ்கைபேர்ட்ஸ் என்ற பெயரில் 72இல் ஒரு பங்கு அளவில் விமானங்களின் மரத்துண்டுப் பொதிகள் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. அந்த அளவில் ஆறடி மனிதன் சரியாக ஓர் அங்குலம் இருப்பான்.

இந்த 72 என்ற எண் விரைவில் போருக்குப் போயிற்று. 1941 டிசம்பர் 8ஆம் நாள் நம் அலோர்ஸ்டார் விமானத் தளத்தின்மேல் ஜப்பானியக் குண்டுகள் விழுந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதே நாட்களில் அமெரிக்காவும் போரில் இறங்கியது. வானத்தில் தெரியும் விமானம் நம்முடையதா, பகைவருடையதா என்பதை நொடியில் அறிய வீரர்களைப் பழக்க வேண்டும். அதற்கு மாதிரிகள் வேண்டும்; தொழிற்சாலைகளுக்கோ நேரமில்லை. 1942இன் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை, பள்ளி மாணவர்களிடம் உதவி கேட்டது. ஐம்பது வகை விமானங்கள், ஒவ்வொன்றிலும் பத்தாயிரம், ஆகமொத்தம் ஐந்து லட்சம் மாதிரிகள் வேண்டும் என்றது. பொதி எதுவும் அனுப்பப்படவில்லை. வரைபடமும், வளைவுகளைச் சரிபார்க்கும் அட்டை வார்ப்புகளுக்கான படங்களும் மட்டுமே வந்தன. மாணவர்கள் பள்ளித் தச்சுக்கூடத்தில் மரக்கட்டையைச் செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கறுப்பு வண்ணம் பூசினார்கள். கறுப்பு எதற்கு? உயரத்தில் பறக்கும் விமானம் நிழலுருவாகத்தானே தெரியும்.

இங்கே அளவு ஏன் பிசகக் கூடாது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 72இல் ஒரு பங்கு மாதிரியை 35 அடி தூரத்தில் பிடித்தால், 35ஐ 72ஆல் பெருக்கினால் 2,520 அடி. ஏறக்குறைய அரை மைல். உண்மை விமானம் அரை மைலில் எப்படித் தெரியுமோ அப்படியே வகுப்பறையின் மறுகோடியில் தெரியும். சிறகின் முனை சற்றுக் கூர்மையாகிவிட்டால் அது இன்னொரு நாட்டு விமானமாகிவிடும். நண்பனைப் பகைவன் என்று எண்ணிச் சுட நேரும். பதினைந்து வயதுப் பையனின் உப்புத்தாளில் அவ்வளவு பொறுப்பு இருந்தது. ஆகவே ஒவ்வொரு மாதிரியையும் சோதித்தே ஏற்றார்கள்.

போருக்குப் பின் பிளாஸ்டிக் வந்தது. பிளாஸ்டிக் பொதிகள் 1936இலேயே இங்கிலாந்தில் தோன்றியவைதான். ஆனால் 1952இல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் கோல்டன் ஹைண்ட் என்ற கப்பலைச் சிறு பையில் அடைத்து உல்வொர்த் கடைகளில் மலிவாக விற்கத் தொடங்கிய பிறகே அவை வீடுதோறும் போயின. அவற்றை நான் பழிக்க மாட்டேன். பசையும் பொறுமையும் இருந்தால் எந்தப் பிள்ளையும் ஒரு விமானத்தை முடித்துவிடலாம் என்ற துணிவைக் கொடுத்தவை அவை. குறை வேறிடத்தில் இருக்கிறது. அச்சு வார்ப்பவர் எதை விற்கலாம் என்று நினைக்கிறாரோ அது மட்டுமே பொதியில் வரும்.

நம் நாட்டு இரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1915இல் அலோர்ஸ்டாருக்கு இரயில் வந்தது. நம் தண்டவாளங்களின் இடைவெளி ஒரு மீட்டர். பிரிட்டனில் பெருவழக்கான பொம்மை இரயிலின் அளவு ஏறக்குறைய 76இல் ஒரு பங்கு. அதன் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் ஒன்றேகால் மீட்டருக்கு மேல் வருகிறது. அந்தத் தண்டவாளத்தில் மலாயா இரயிலை நிறுத்தினால், குள்ளமான மனிதர் கால்களை அகட்டி நிற்பதுபோல் இருக்கும். சரியாகச் செய்ய வேண்டுமானால் சுமார் 13 மில்லிமீட்டர் வேண்டும். அதைக் கடையில் கேட்டால் கடைக்காரர் நம்மை ஒருமாதிரியாகப் பார்ப்பார். கிளாஸ்கோவில் கட்டி இங்கே ஓட்டிய பழைய நீராவி இயந்திரங்களை மாதிரியாக்க விரும்புபவர் உடல், சக்கரம், கட்டை என்று பெரும்பகுதியைத் தாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

இரயிலாவது பரவாயில்லை. தோட்டத்து லயத்தை எந்தக் கம்பெனி பொதியாக்கி விற்கும்?

இதைக் கேட்க எனக்கு ஒரு காரணம் உண்டு. நான் வசிப்பது மெர்கோங்கில். பாடம் நடத்துவது தெற்கே ஒரு தோட்டப் பள்ளியில். 2016இல் அந்தத் தோட்டத்தில் பழைய லயங்களை இடிக்கும் வேலை தொடங்கியது. பால்மரம் போய்ச் செம்பனை வந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பெரும்பாலான குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களுக்குப் போய்விட்டன. கடைசியாக ஒரே ஒரு லயம் மிஞ்சியிருந்தது. ஆறு வீடுகள் கொண்டது. என் ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்கள் பதினோரு பேர். ஒரு சனிக்கிழமை அளவுநாடாவுடன் போனோம். ஒரு வீட்டின் அகலம் பத்தடி; ஆறு வீடும் சேர்ந்து அறுபதடி. முன்பக்கத்துத் திண்ணை, கதவு, சன்னல், தூண் இவற்றை அளந்தோம். பின்பக்கத்துச் சமையல் கட்டை அடுத்த வாரம் அளக்கலாம் என்று திரும்பிவிட்டோம். மழையும் வந்துவிட்டது. அடுத்த வாரம் நாங்கள் போனபோது இயந்திரம் எங்களுக்கு முன்பே வந்து போயிருந்தது. அந்த ஒரு வாரத்தை நான் ஒத்திப்போட்டிருக்கக் கூடாது.

மாதிரியை 24இல் ஒரு பங்காகச் செய்வது என்று முடிவு செய்தோம். முழத்துக்கு ஒரு விரற்கடை. அறுபதடி லயம் முப்பது அங்குலமாகும். ஒரு மேசைமேல் அடங்கும்.

மாணவர்கள் முதலில் ஐஸ்கிரீம் குச்சிகளைக் கட்டுக்கட்டாக வாங்கி வந்தார்கள். பள்ளிக் கண்காட்சிகளில் எல்லாம் அதைத்தானே பார்க்கிறோம். ஒரு குச்சியை அளக்கச் சொன்னேன். அகலம் பத்து மில்லிமீட்டர். 24ஆல் பெருக்கினால் ஒன்பதரை அங்குலப் பலகை. லயத்துப் பலகை ஆறு அங்குலம். குச்சிகள் ஓரம் போயின. பழப்பெட்டியின் மெல்லிய பலகையைக் கால் அங்குலப் பட்டைகளாக அறுத்துக்கொண்டோம். கூரைக் கைகளுக்குத் தீக்குச்சி. ஒரு மாணவியின் தந்தை ஆசையோடு அலோர்ஸ்டார் கடையிலிருந்து பொம்மை வீட்டுக் கதவும் கண்ணாடிச் சன்னலும் வாங்கிக் கொடுத்தனுப்பியிருந்தார். லயத்துச் சன்னலில் கண்ணாடி ஏது? பலகைக் கதவுதானே. அவர் மனம் நோகக் கூடாது என்பதற்காக, அந்தக் கதவுச் சட்டத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு பலகைக் கதவு செய்யும்படி அந்தப் பிள்ளையிடமே கொடுத்தேன். பன்னிரண்டு சன்னலையும் அவளே செய்தாள்.

துத்தநாகத் தகடுதான் எங்களை அதிகம் பாடுபடுத்தியது. வளைவுக்கு வளைவு மூன்று அங்குலம். மாதிரியில் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அட்டையை மடித்துப் பார்த்தோம், தாளைச் சுருக்கிப் பார்த்தோம், ஒன்றும் சரிவரவில்லை. ஒரு மாணவன் இரவுச் சந்தையிலிருந்து சாத்தே குச்சிகளைக் கொண்டுவந்தான். குச்சியின் தடிப்பு மூன்று மில்லிமீட்டர்! அவற்றைப் பலகைமேல் நெருக்கமாக அடுக்கி ஒட்டி, மேலே சமையல் அலுமினியத் தாளை இரண்டாக மடித்து வைத்து, பேனாவின் பின்முனையால் பள்ளங்களில் அழுத்தித் தேய்த்தோம். எடுத்துப் பார்த்தால் தகடு! எட்டடித் தகடு நான்கு அங்குலம் என்று வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறும்படி 120 தகடுகள் போர்த்தினோம். தோட்டத்துச் செம்மண்ணைத் துணியில் சலித்துப் பசையில் குழைத்துத் தடவினால் துருவும் ஆயிற்று. திண்ணையில் பால் மங்கு வேண்டும் என்றான் ஒருவன். கொத்துமல்லி விதையை நகத்தால் இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு பாதியும் உள்ளே குழிந்த ஒரு கிண்ணம். அதுவே எங்கள் பால் மங்கு.

அளக்காமல் விட்ட சமையல் கட்டுக்கு ஒரு மாணவனின் பாட்டியை வரவழைத்தோம். அந்த லயத்தில் நாற்பது ஆண்டுகள் இருந்தவர். அடுப்பு மேடை தம் இடுப்புக்கு எவ்வளவு என்று கையை வைத்துக் காட்டினார். நாங்கள் அந்தக் கையின் உயரத்தை அளந்தோம். சாக்கடை எந்தப் பக்கம் சரியும், விறகு எங்கே அடுக்குவது, எல்லாம் சொன்னார். பிறகு கூரை போட்டு முடித்திருந்த மாதிரியை நிதானமாகச் சுற்றிப் பார்த்து, சன்னல் வழியாக ஒரு கண்ணை வைத்து உள்ளே பார்த்தார்.

“சார், நடுச்சுவரு தப்பு” என்றார்.

“அளந்துதானே பாட்டி செஞ்சோம்?”

“அகலம் சரிதான் சார். ஆனா அது கூரை வரைக்கும் போகாது. மேல ரெண்டு மூணு அடி தொறந்து கெடக்கும். ஒரு வீட்டுல பிள்ளை அழுதா ஆறு வீட்டுக்கும் கேக்கும். புருசன் பெஞ்சாதி சண்டைகூட ரகசியமாப் போட முடியாது.”

மாணவர்கள் சிரித்தார்கள். பாட்டியும் சிரித்தார். நான் அந்தத் தோட்டத்துக்காரன் இல்லையென்றாலும் லயத்தில் பிறந்தவன். என் வீட்டிலும் அந்தத் திறப்பு இருந்தது. இரவில் பக்கத்து வீட்டு விளக்கின் வெளிச்சம் அதன் வழியாக எங்கள் கூரைத் தகட்டில் விழும். அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் தூங்கியிருக்கிறேன். அளக்கப் போன அன்று வீடுகள் பூட்டிக் கிடந்தன; வெளியே நின்று அளந்துவிட்டு, உள்சுவரைக் கல்வீட்டுச் சுவர்போல் மேல்வரை எழுப்பிவிட்டோம். எனக்கே அது தோன்றவில்லை.

ஒட்டியிருந்த 120 தகடுகளையும் பிரித்தோம். பாதி கிழிந்தன. ஐந்து நடுச்சுவர்களையும் மேலே ஒன்றேகால் அங்குலம் அறுத்தோம். மீண்டும் சாத்தே குச்சி, மீண்டும் அலுமினியத் தாள். இதற்கே மூன்று வாரம் ஆயிற்று. யாரும் முணுமுணுக்கவில்லை என்று சொன்னால் பொய். இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். ஆனால் வேலைக்கு வந்தார்கள்.

இப்போது அந்த லயம் பள்ளி நூலகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. கூரையின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்க்கும்படி கீல் வைத்திருக்கிறோம். ஆறு வீடுகளுக்கும் மேலாக ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இடைவெளி தெரியும். கோடியில் இருந்த பொதுக் குழாய் மட்டும் இன்னும் செய்யப்படவில்லை. அது லயத்துக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா என்பதில் பாட்டிக்கும் அவருடைய தங்கைக்கும் கருத்து வேறுபாடு இருக்கிறது.